கணக்குக்கு முந்திய கேள்வி

பெண் உடல்நலத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் படிக்கிற துறையில் வேலை பார்ப்பவர்களிடம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு சந்தேகம் கேட்கப்படும். மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், புள்ளியியல்காரர்கள் நேராகவே கேட்டுவிடுவார்கள்: நீங்கள் செய்வது ஆராய்ச்சியா, இயக்கமா? முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆதாரத்தைப் பிறகு தேடுகிறீர்களா? இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எந்த ஆய்வாளரிடமும் கேட்கத் தகுந்த கேள்விதான் இது. இத்தனை வருடம் இந்தத் துறையில் இருந்து நான் வந்து சேர்ந்திருக்கிற பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலினத்தைக் கணக்கில் எடுக்காமல் பெண் உடல்நலத்தை அளந்தால், அந்த அளவீடு அளவீடு என்ற முறையிலேயே பிழையாகிவிடுகிறது. ஒரு பெண்ணிடம் கேட்டது யார், எங்கே வைத்துக் கேட்டார்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த வயதோடு கேட்பதை நிறுத்தினார்கள், அவள் சொன்னதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதினார்கள் என்ற ஒவ்வொன்றும் கடைசியில் அச்சாகிற எண்ணை மாற்றுகிறது. கொள்கைப் பற்று இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் ஒரே மாதிரி ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

இந்தியாவில் இந்தத் துறை பிறந்ததே ஒரு கணக்கைத் திரும்பப் படித்ததால்தான். 1971இல் அமைக்கப்பட்ட பெண்கள் நிலை பற்றிய குழு 1974இல் தந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துக் காட்டியது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930ஆக இறங்கியிருந்தது. அந்த எண்களை யாரும் மறைத்துவைக்கவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை அச்சாகி நூலகங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை. குழுவின் உறுப்பினர் செயலராக இருந்த வீணா மஜும்தார் போன்றவர்கள் அதைக் கேட்ட பிறகுதான் ஆய்வு மையங்கள் வந்தன, 1980களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு பெண்ணியல் துறைகளும் வந்தன.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. என் மாணவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான். உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுகின்றன என்ற செய்தி 1980களின் நடுவில் பத்திரிகைகளில் வந்தபோது, அது ஒரு ஊரோடும் ஒரு சாதியோடும் ஒட்டிவைக்கப்பட்டுவிட்டது. மற்றவர்கள் நிம்மதியாக இருக்க அந்த ஒட்டுதல் வசதியாக இருந்தது. 1997இல், அப்போது அரசுப் பணியில் இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் நடத்தவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்த பிறப்பு, இறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் இறப்புக்குக் காரணம் எழுதுகிற இடத்தில், எடைக்குறைவு, மூச்சுத்திணறல் என்பவற்றோடு ‘சமூகக் காரணம்’ என்ற ஒன்றும் இருந்தது. அந்தத் தலைப்பின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் பெண் குழந்தைகள். மாவட்ட வாரியாகப் பிரித்தபோது, மதுரைப் பக்கத்திலிருந்து சேலம், தர்மபுரி வழியாக வடக்கே நீளும் தொடர்ச்சியான ஒரு பகுதி தெரியவந்தது. அது ஒரு தாலுகாவின் வழக்கமோ ஒரு சாதியின் பழியோ இல்லை என்பது அந்தப் பதிவேடுகளைக் கொண்டே நிறுவப்பட்டது.

இதில் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது அந்தத் தகவல் அங்கே வந்து சேர்ந்த வழியை. எழுதியவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். வீட்டுக்கு வீடு நடந்து போகிறவர்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் அல்லது அனுப்பிவைத்தவர்கள். மூன்றாம் நாள் குழந்தை இல்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கொலை என்று எழுதினால் அடுத்த நாள் அந்தத் தெருவுக்குள் போக முடியாது. எழுதாமல் விட மனம் இடம் தரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைத்த இடம்தான் அந்தத் தலைப்பு. மேலே இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் அதைக் கூட்டல் கணக்காக மட்டும் பார்த்து நகர்த்தியிருக்கிறார்கள். பாலினத்தை அறிந்த ஒரு வாசிப்பு அதை ஆதாரமாக மாற்றியது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு தேடியிருந்தால், உசிலம்பட்டிக்கு மட்டும் போய்வந்து எழுதியிருப்பார்கள்.

அடுத்தது இளம் பெண்களின் சாவு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பின்தொடர்ந்து வருகிறது. சுமார் ஒரு லட்சம் மக்கள். ஒரு சாவு நடந்தால் அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார், பிறகு மருத்துவர் சரிபார்க்கிறார். இப்படி 1992 முதல் 2001 வரை சேர்ந்த விவரங்களை வைத்து 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரையின் எண்களை எத்தனை முறை படித்தாலும் பழகிப்போவதில்லை. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148. அதே வயதுப் பையன்களில் 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறந்தவர்கள். காவல்துறைப் பதிவுகளிலிருந்து திரட்டப்படும் தேசியக் கணக்கு, எல்லா வயதையும் சேர்த்து லட்சத்துக்குப் பத்து பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஒன்றியத்தை வைத்து நாட்டைச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லக்கூடாது, சரி. ஆனால் நாட்டுக்கணக்கு எந்த இடத்தில் ஓட்டையாக இருக்கிறது என்பதை ஒரு ஒன்றியம் காட்டிவிட முடியும். பெரிய கணக்கெடுப்பு பரப்பைத் தரும், கிராமத்திலேயே இருந்து செய்கிற சின்ன ஆய்வு ஆழத்தைத் தரும் என்று இரண்டையும் பிரித்துவைப்பது பாடப்புத்தக வழக்கம். நடைமுறையில் சின்ன ஆய்வின் முதல் பயன், பெரிய கணக்கைச் சோதித்துப் பார்ப்பதுதான்.

தீயில் இறந்த பெண்களின் கணக்கும் இப்படியே. 2009இல் ‘லான்செட்’டில் வந்த ஓர் ஆய்வு, 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000க்கு மேல் என்று மதிப்பிட்டது. காவல்துறைப் பதிவைப் போல அது சுமார் ஆறு மடங்கு. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குள். சமையலறையில் பெண்கள்தானே அதிகம் நிற்கிறார்கள் என்பது உடனே வரும் மறுப்பு. நின்று யோசிக்க வேண்டிய மறுப்புதான். அடுப்புதான் காரணம் என்றால் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்களிடமும் அந்த அளவு சாவு இருக்க வேண்டும்; அவர்களும் அதே அடுப்பில்தான் சமைக்கிறார்கள். சாவு குவிந்திருப்பதோ திருமணத்தை ஒட்டிய வயதில். மண்ணெண்ணெய் அடுப்பும் நைலான் புடவையும் காரணத்தின் ஒரு பகுதி. அந்த வயது வடிவத்தை முழுதும் விளக்க அவற்றால் முடியாது. தமிழ் நாளிதழ்களில் எத்தனையோ ஆண்டுகளாக வரும் இரண்டு வரிச் செய்திகளை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி, தீராத வயிற்றுவலியால் பெண் தற்கொலை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை உண்டு, வரதட்சணைச் சாவு என்ற சட்டப்பிரிவும் 1986 முதல் இருக்கிறது. அதனாலேயே அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றுவலி என்பது பாதுகாப்பான வாக்குமூலமாகிறது. தேசியக் குற்றப் பதிவு வாரியத்தின் அட்டவணையில் தற்கொலைக்கு முதல் காரணம் குடும்பப் பிரச்சினை, இரண்டாவது நோய். 2021இல் தற்கொலையால் இறந்த 45,026 பெண்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள் என்று தொழில் வாரியான அட்டவணை சொல்கிறது. இவை பொய்யான எண்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு காவல் நிலையத்தில், புகுந்த வீட்டார் முன்னிலையில், சட்டத்தின் நிழலில் சொல்லப்பட்ட காரணங்கள் இவை என்று அறிந்து படிக்க வேண்டும். அந்த அறிவு வந்த பிறகுதான் எண்ணுக்குப் பொருள் வருகிறது.

சாவை விட்டு நோய்க்கு வந்தால் வேலை இன்னும் கடினமாகிறது. 1989 ஜனவரியில் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் செய்த ஆய்வு ‘லான்செட்’டில் வந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, ஊரில் இருந்த பெண்களையே பரிசோதித்தார்கள். பரிசோதிக்கப்பட்ட 650 பேரில் 92 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மகளிர் நோயியல் அல்லது பாலியல் சார்ந்த நோய் இருந்தது, சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய். அதற்கு முன்பு இந்த நோய்களுக்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் 8 சதவீதம். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்துக் கொள்கை வகுத்தவர்கள் எத்தனை பேரைப் பார்க்காமலே வகுத்தார்கள் என்பது அந்த ஓர் எண்ணில் தெரிந்துபோனது.

ஆனால் 92 என்பதை மேடையில் முழங்குவதற்கு எடுத்துக்கொள்வதை நான் எதிர்க்கிறேன். தகுதியிருந்த எல்லாப் பெண்களும் பரிசோதனைக்கு வரவில்லை. உபாதை இருப்பவர்கள் வர வாய்ப்பு அதிகம், ஆகவே விகிதம் கூடுதலாகத் தெரியும். எதை நோய் என்று எண்ணுவது என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பிற்பாடு கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான ஏறக்குறைய 2,500 பெண்களிடம் ஆய்வகப் பரிசோதனையோடு செய்த ஆய்வில் இனப்பெருக்கப் பாதைத் தொற்று இருந்தவர்கள் சுமார் 28 சதவீதம். இரண்டு ஆய்வும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை, இரண்டும் தேவைப்பட்டவை. நம் பக்கத்துக்கு உதவுகிற பெரிய எண்ணை இறுக்கமாகச் சோதிக்கிற பழக்கம் நம்மிடம் இல்லாவிட்டால், தொடக்கத்தில் கேட்கப்பட்ட அந்தச் சந்தேகத்துக்கு நாமே ஆதாரம் கொடுத்தவர்களாவோம். மாணவர்களின் ஆய்வேட்டில் நான் மிகக் கண்டிப்பாகத் திருத்துவது இந்த இடத்தைத்தான்.

அதே கோவா ஆய்வு இன்னொரு கதவையும் திறந்தது. ஆய்வை நடத்திய விக்ரம் படேலும் உடனிருந்தவர்களும் வெள்ளைப்படுதல் என்று சொல்லிய பெண்களின் விவரங்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அந்தப் புகாருக்குத் தொற்றோடு இருந்த தொடர்பு பலவீனமாகவும், மனச்சோர்வு, பதற்றம், தீராத அசதி, கணவனின் வன்முறை ஆகியவற்றோடு இருந்த தொடர்பு வலுவாகவும் இருந்தது. நம் ஊர்ப் பெண்கள் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். வெள்ளைப்படுது, இடுப்பு விட்டுப் போகுது, உடம்பு உருகிப் போகுது, எல்லாம் சூடு என்பது ஒரே மூச்சில் வரும் பேச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பேச்சிலிருந்து முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அறிகுறியை வைத்துச் சிகிச்சை தரும் வழிகாட்டி முறைப்படி ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புகிறார்கள். தொற்றே இல்லாத பெண் மருந்து சாப்பிடுகிறாள். சில சமயம் கணவனையும் அழைத்துவரச் சொல்லி, வீட்டில் சந்தேகமும் சண்டையும் கிளம்புகின்றன. அவளுடைய சோர்வும் வீட்டு நிலைமையும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பேச்சை முழுமையாகக் கேட்பதை மென்மையான சமூக அறிவியல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது, இது நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது பற்றிய விஷயம், மருத்துவத்தின் உள்ளே இருக்கிற விஷயம் என்பதைத்தான்.

இனி, நான் மிகவும் மதிக்கிற மறுப்பு ஒன்று. தமிழ்நாடு தாய்-சேய் நலத்தில் கவனம் குவித்து வெற்றி கண்ட மாநிலம். 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134ஆக இருந்த தாய்மார் இறப்பு விகிதம் 2018-20இல் 54ஆகக் குறைந்தது; அதே காலங்களில் இந்தியாவின் விகிதம் 301, 97. மூன்று செவிலியர்களுடன் 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசர மகப்பேறு மையங்கள், 108 வண்டி எல்லாம் சேர்ந்து இதைச் சாதித்தன. பாலினம் பற்றிய உங்கள் கோட்பாடு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லையே என்று கேட்கிறார்கள். சாதனையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதைச் செய்தவர்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சாதனையின் நடுநரம்பாக இருந்தது எது என்று பார்க்க வேண்டும். தாய் இறந்த ஒவ்வொரு நிகழ்வையும் தெரிவிக்கச் செய்து, மருத்துவமனையில் மட்டும் விசாரிக்காமல் வீட்டாரிடமும் விசாரித்து, மாவட்ட அளவில் ஆட்சியர் முன் வைத்து ஆராய்ந்த முறை அது. வலி வந்தது எப்போது, மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது யார், வண்டிக்குப் பணம் யார் கையில் இருந்தது, முதல் மருத்துவமனை ஏன் திருப்பி அனுப்பியது என்றெல்லாம் கேட்டார்கள். ரத்தப்போக்கு என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் அதற்கு முந்திய தாமதங்களைத் தேடினார்கள். இவை பாலினக் கேள்விகள். அந்தப் பெயரைச் சொல்லாமல் கேட்டிருக்கலாம், பலனை அவை தந்திருக்கின்றன. மருத்துவ அமைப்பே தாயின் சாவுக்கு எவ்வாறு காரணமாகிறது என்பதை டி.கே. சுந்தரி ரவீந்திரன் 1992லேயே வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி எழுதியிருந்தார்.

அந்த வெற்றியின் மறுபக்கமும் அதே ஆவணங்களில்தான் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருப்பவர்கள் 0.1 சதவீதம். ஆணுக்குச் செய்கிற அறுவை எளிது, ஆபத்தும் குறைவு என்று எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் அது 60 சதவீதத்துக்கும் மேல். மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் 1990களில் தமிழ்நாட்டில் களப்பணி செய்து 2003இல் வெளியிட்ட நூல், பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்களுக்கு அவர்களுடைய முழுச் சம்மதம் இல்லாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. உயிரைக் காப்பாற்றிய அமைப்பு, அந்த உடலைப் பற்றிய முடிவை அவளிடம் விடவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுத்ததாகிவிடும் என்ற பயத்தில் நம் அரசுத் துறைகளும் சில சமயம் நம் ஆய்வாளர்களும் ஒன்றை மட்டும் பேசுகிறார்கள்.

பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 1970களின் இறுதி வரை இந்தியாவில் அது தலைகீழாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நீண்ட ஆயுள் இயற்கை தானாகக் கொடுத்த பரிசாக இருந்திருந்தால் அப்போதும் இருந்திருக்கும். குடியாலும் சாலை விபத்தாலும் ஆண்கள் இளவயதில் சாவதும் பாலினம் பற்றிய ஆய்வுக்கு உட்பட்டதுதான். அதை இந்தத் துறை இன்னும் போதுமான அளவு செய்யவில்லை.

சாதியும் வறுமையும்தானே உண்மையான காரணம், பாலினம் என்று ஏன் தனியாகப் பேச வேண்டும் என்று இடதுசாரி நண்பர்களும் தலித் இயக்க நண்பர்களும் கேட்பதுண்டு. பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் இதற்குப் பதிலாக நிற்கிறார்கள். 2019இல் மகாராஷ்டிர அரசு அமைத்த குழு கணக்கெடுத்த 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளிகளில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், அதாவது ஆறில் ஒருவர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். அங்கே கணவன் மனைவி இருவரையும் ஒரே ஜோடியாகக் கூலிக்கு எடுக்கிறார்கள், முன்பணம் கொடுக்கிறார்கள், ஒரு நாள் வராவிட்டால் அபராதம். கரும்புக் காட்டில் கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. அந்த நிலையில் மாதவிடாய் என்பது கூலி இழப்பு. தனியார் மருத்துவர் புற்றுநோய் வரும் என்று பயம் காட்டினால் கடன் வாங்கியாவது அறுவை செய்துகொள்கிறாள். வறுமை மட்டும் காரணம் என்றால் அவள் கணவனின் உடலிலும் இதற்கு ஈடான ஒரு தழும்பு இருக்க வேண்டும். பாலினம் மட்டும் காரணம் என்றால் ஊரில் நிலம் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண்ணுக்கும் இதே விகிதத்தில் நடந்திருக்க வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தலித் பெண்களும் சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பு, இரண்டையும் பிரிக்க முடியாது என்பதைக் கோட்பாடாகச் சொல்வதற்கு முன்பே நடைமுறையில் புரிந்துவைத்திருந்தது. கர்ப்பப்பை இறக்கம் பற்றி அவர்கள் 1990களில் செய்த ஆய்வு, பிரசவமான சில நாட்களிலேயே வயல் வேலைக்கும் தலைச்சுமைக்கும் திரும்ப வேண்டிய கட்டாயத்தையும், உபாதையோடு வருடக்கணக்கில் வாய் திறக்காமல் வேலை செய்ததையும் பெண்களின் பேச்சிலிருந்தே எழுதியது. இன்றைக்கும் அந்த நோய்க்கு நம்மிடம் சரியான மாநிலக் கணக்கு என்று ஒன்றைக் காட்ட முடியாது.

இப்படிப்பட்ட அறிவை உண்டாக்க எவ்வளவு காலம் வேண்டும் என்பதையும், பல்கலைக்கழகம் எவ்வளவு காலம் கொடுக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தத் தொழிலின் நெருக்கடி புரியும். கணியம்பாடி மாதிரி ஒரு பதிவு முறை பலனளிக்கப் பத்து வருடம் வேண்டும். முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை ஐந்து வருடம். பதவி உயர்வுக்கு ஆண்டுதோறும் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள், அதுவும் ஆங்கில இதழில். கேட்ட பெண்களுக்குத் திருப்பிச் சொல்வதற்காகத் தமிழில் எழுதுகிற சிறு நூலுக்கு மதிப்பெண் கிடையாது. இதனால் என்ன ஆகிறது என்றால், ஏற்கெனவே எடுத்துவைத்த தேசியக் கணக்கெடுப்புத் தரவை இறக்கிக்கொண்டு, இரண்டு மாறிகளை இணைத்து, மூன்று மாதத்தில் கட்டுரை முடிப்பது இளம் ஆய்வாளர்களின் வழக்கமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தரவின் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கேட்ட முறை இருக்கிறது. வன்முறை பற்றிய கேள்விகளை அந்தக் கணக்கெடுப்பு ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்கிறது. அது அவளுடைய பாதுகாப்புக்காக வகுத்த நெறி, சரியான நெறி. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள், இந்திய சராசரி 29.3 என்று படிக்கும்போது, தமிழ்நாட்டு ஆண்கள் கூடுதல் கொடியவர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது. இங்கே பெண்கள் சொல்லத் துணிகிறார்களா, கேட்டவர் எப்படிக் கேட்டார், வேறு மாநிலத்தில் எத்தனை பேர் மௌனமாக இருந்தார்கள் என்பதையும் எடைபோட வேண்டும். அதைப் போலவே, கேட்கப் போகிற களப்பணியாளரின் பெயர் கட்டுரையில் எங்கேயும் வருவதில்லை. ஒரு பெண் முதல்முறையாகத் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லும்போது எதிரில் உட்கார்ந்திருப்பது அவர்தான், பேராசிரியர் இல்லை. அவருக்குப் பயிற்சியும், கேட்டுச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடமும், கட்டுரையில் பெயரும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிவு வந்தால் செயல் தானாக வரும் என்ற நம்பிக்கையையும் இந்தத் துறை எனக்குள் குறைத்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனை, பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்யும் எளிய பரிசோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை 25 சதவீதமும் அதனால் வரும் சாவை 35 சதவீதமும் குறைக்க முடியும் என்று 2007இல் காட்டியது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட குழுவின் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படவில்லை என்பது பற்றிப் பின்னாளில் கடுமையான அறவிவாதம் நடந்தது. அந்த விவாதம் தேவையானது என்றே நினைக்கிறேன். அவர்கள் உடலைக் கொண்டு கிடைத்த அறிவுக்கு நாம் என்ன செய்தோம் என்பது அதைவிட என்னை வருத்துகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்.

அந்தக் கணக்கெடுப்பும் 49 வயதோடு நின்றுவிடுகிறது. 15 முதல் 49 என்ற வரம்பு பிள்ளை பெறும் வயதை வைத்துப் போட்டது, மக்கள்தொகைக் கொள்கையின் தேவைக்காகப் பிறந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு பெண் இன்னும் முப்பது ஆண்டு வாழலாம். அந்த ஆண்டுகள் 2017-18இல் தொடங்கிய முதுமை பற்றிய தேசிய ஆய்வில்தான் ஓரளவு இடம்பெறத் தொடங்கின. கர்ப்பப்பை அகற்றுவது பற்றியும் குடும்பநலக் கணக்கெடுப்பு நேரடியாகக் கேள்வி சேர்த்தது 2015-16இல்தான். உச்ச நீதிமன்றம் தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உத்தரவிட்டபோது கையில் இருந்த தரவு அவ்வளவே.

49 வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டு எழுதத் தமிழ்நாட்டில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் பார்க்கிறவர்களில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஏராளம். அடி இறங்குகிறதா, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டதா, சிறுநீரை அடக்க முடியாமல் போகிறதா என்ற மூன்று கேள்விகளை மட்டும், தனியாக, மகனும் மருமகளும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும், ஆகவே கேட்பதோடு அவளை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆளும் வேண்டும். சிகிச்சைக்கு வழி வைக்காமல் கேட்பது அவளுக்குச் செய்கிற துரோகம். தன்னார்வலர்களின் ஊக்கத்தொகையை உயர்த்தாமல் இந்த வேலையை அவர்கள் தலையில் ஏற்றவும் கூடாது. ஒரு மாவட்டத்தில், இரண்டு ஆண்டு, ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரு பெண்ணியல் துறையும் சேர்ந்து செய்து பார்க்கக்கூடிய அளவுதான் இது. பதிவேட்டில் சேர்க்க வேண்டியது மூன்றே கட்டம்.